கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 1960களிலிருந்து பிரஸ்ஸும் லேத்தும் ஓடுகின்றன. அங்கே இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்த பெரியவர்கள் பலர் நம்மிடம் சொல்வது ஒன்றுதான்: "ஹஜ்ரத், பயான் காதில் விழுகிறது. என்ன சொல்கிறீர்கள் என்பதுதான் விளங்கவில்லை." வீட்டார் இதைக் கவனக்குறைவு என்று நினைத்துக் கோபப்படுகிறார்கள். உண்மையில் பழுது உள்காதில் இருக்கிறது.

ஒலி என்பது அதிர்வு. தகட்டின் மேல் பிரஸ் இறங்கினால் தகடு அதிர்கிறது. பக்கத்துக் காற்று நெருங்கியும் விலகியும் அந்த அதிர்வைக் கடத்துகிறது, நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில். காற்று பயணம் செய்து வருவதில்லை. வருவது அதிர்வு மட்டும். அது செவிப்பறையில் மோதி, மூன்று சின்னஞ்சிறு எலும்புகள் வழியாக, நத்தை ஓடுபோல் சுருண்ட உள்காதுக் குழலுக்குப் போகிறது. குழலுக்குள் திரவம். அது அசையும்போது மயிர்ச்செல்கள் வளைந்து, நரம்புக்கு மின் சமிக்ஞை அனுப்புகின்றன. ஒரு காதில் இவை சுமார் 15,000 இருக்கும். அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை.

குழலின் வாசலருகே உள்ள செல்கள் கீச்சொலியை வாங்குகின்றன, உள்முனையில் உள்ளவை கனத்த ஒலியை. பட்டறை இரைச்சல் முதலில் கெடுப்பது வாசல் பக்கத்தை. 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் மங்குகின்றன. உயிரெழுத்தின் கனத்த ஓசை தப்பிவிடும். ஸ, ஃப போன்ற ஓசைகள் போய்விடும். ஓதும்போது ஸீனும் ஃதாவும் ஒன்றுபோல் கேட்பது இதனால்தான். மைக்கைக் கூட்டி வைத்தால் எரிச்சல்தான் கூடும், தெளிவு வராது.

85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் என்பது பொதுவான பாதுகாப்பு அளவு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88இல் 4 மணி நேரம், 100இல் 15 நிமிடம். (இயர்போனை முழுச் சத்தத்தில் வைக்கும் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான்.) காதில் பஞ்சு வைப்பது போதாது, அதற்கென்றே செய்த செவியடைப்பான் வேண்டும்.

இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு, சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. வேலையில் இருக்கும்போதே அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலோ அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ கேட்கும் திறனைச் சோதித்து, அந்த வரைபடத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றபின் கேட்டால், வயதால் வந்தது என்று சொல்லிவிடுவது எளிது.