தேக்கடிக் காட்டுக்குப் போவோமா?

கேரள மாநிலத்தில் இடுக்கி ஒரு மலை மாவட்டம். அங்கே கடல் இல்லை. ரயிலும் இல்லை. மலை உண்டு. காடு உண்டு. தேயிலை, ஏலக்காய், மிளகுத் தோட்டங்கள் உண்டு.

விடுமுறை நாளில் ஏராளமானோர் அங்கே போகிறார்கள். மூணாறுக்கு அருகில் வரையாடுகளைப் பார்க்கிறார்கள். தேக்கடியில் படகில் செல்கிறார்கள். தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து மலை ஏறினால் குமுளி வரும். அதை அடுத்து இருப்பது தேக்கடி.

தேக்கடி ஏரி எப்படி உண்டானது? 1895-இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார்கள். தண்ணீர் காட்டுக்குள் தேங்கியது. அதுவே ஏரி ஆனது. ஏரியைச் சுற்றியுள்ள காடு 1978-இல் புலிகள் காப்பகம் ஆனது. அங்கே யானை, காட்டெருமை, மிளா ஆகியவை வாழ்கின்றன. புலியும் உண்டு. ஆனால் புலியைக் காண்பது அரிது.

வெட்டியவர்களே காவலர்கள்

இந்தக் காட்டில் இலவங்கப்பட்டை மரங்கள் உண்டு. முன்பு சிலர் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்து விற்றார்கள். பிடிபட்டால் வழக்கு. பிடிபடாவிட்டாலும் நிம்மதி இல்லை. லாபமோ வியாபாரிக்குப் போனது.

1998-இல் வனத்துறை அவர்களோடு பேசியது. பட்டை உரிப்பதை விட்டால் காட்டிலேயே வேலை தருவதாகச் சொன்னது. அவர்கள் சம்மதித்தார்கள். குழுவாகச் சேர்ந்தார்கள்.

அவர்களுக்குக் காட்டின் ஒவ்வொரு தடமும் தெரியும். யானை எங்கே வரும் என்றும் தெரியும். பயணிகளைக் காட்டுக்குள் நடத்திச் செல்லும் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. மூங்கில் தெப்பத்தில் ஏரியில் அழைத்துச் சென்றார்கள். துப்பாக்கி ஏந்திய வனக்காவலரும் உடன் போனார். பயணிகள் கட்டும் பணத்தில் கூலி கிடைத்தது. காட்டைக் காக்கவும் ஆள் கிடைத்தது.

பெண்களும் சும்மா இருக்கவில்லை. 'வசந்த சேனா' என்று ஒரு குழு அமைத்தார்கள். சந்தன மரங்களைத் திருடர்களிடமிருந்து காக்க முறை வைத்துக் காவல் போனார்கள். இதற்கு அவர்கள் கூலி வாங்கவில்லை.

நீங்கள் போனால்

2009 செப்டம்பர் 30 அன்று இந்த ஏரியில் ஒரு படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். ஆகவே படகில் ஏறியதும் மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்குங்கள். நன்றாகக் கட்டிக்கொள்ளுங்கள். விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள். படகு சாய்ந்துவிடும்.

காட்டில் வழிகாட்டி இல்லாமல் நடக்காதீர்கள். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். நடைப்பயணம் போகிறவர்களுக்கு நீளமான துணிக் காலுறை தருவார்கள். அதைப் போட்டுக்கொள்ளுங்கள். சத்தம் போடாதீர்கள். பிளாஸ்டிக் பைகளை எறியாதீர்கள். தீனியோடு சேர்த்து விலங்கு அதையும் தின்றுவிடும்.

காடு இருந்தால்தான் பயணிகள் வருவார்கள். பயணிகள் வந்தால்தான் அங்கே அடுப்பு எரியும். போகிற நாமும் காட்டுக்குக் காவல்தான்.