மாற்றிய பல்பும் மாறாத சட்டமும்

சென்னை ஜி.பி. ரோட்டில் கார் அக்சஸரீஸ் கடைகளில் ஹெட்லைட் பல்பு என்று கேட்டால், இன்றைக்கு எல்.இ.டி. டப்பாவைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள். டப்பாவின் மேல் 6,000 லூமென், 10,000 லூமென் என்று அச்சடித்திருக்கும். 20,000 போட்ட டப்பாக்களும் உண்டு. பழைய ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு அதே துளையில் இதை மாட்டினால் வேலை முடிந்தது. பேட்டரியிலிருந்து இழுக்கும் மின்சாரமும் குறைவு. இவ்வளவு வெளிப்படையாக விற்கிற பொருள் சட்டத்துக்குப் புறம்பாக இருக்குமா என்று வாங்குகிறவருக்குத் தோன்றுவது இயல்பு. ஹாலஜனுக்கென்று செய்த ஹெட்லைட்டுக்குள் மாட்டினால் புறம்பானதுதான். அதற்குக் காரணம் எல்.இ.டி. என்ற தொழில்நுட்பமோ, வெளிச்சத்தின் அளவோ மட்டும் என்று நினைத்தால் விஷயம் பிடிபடாது. “எல்.இ.டி. போட்டால் இன்சூரன்ஸ் கிடைக்காது” என்று மெக்கானிக் ஷெட்டுகளில் அடித்துச் சொல்கிறார்களே, அதிலும் பாதிதான் உண்மை.

முதலில் ஹெட்லைட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். நம் ஊர் வண்டிகளில் அதிகம் இருக்கும் எச்4 ஹாலஜன் பல்பில் இரண்டு இழைகள் இருக்கும். ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட். லோ பீம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருப்பதைப் பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். இழையிலிருந்து கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது தடுத்துவிடும். அந்த ஒளி பிரதிபலிப்பானின் கீழ்ப்பாதியில் பட்டால் மேல்நோக்கித் திரும்பி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும் என்பதால்தான் இந்தத் தடுப்பு. இழை எந்த இடத்தில், எந்த நீளத்தில், எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதை ஐ.நா.வின் 37ஆம் எண் வாகன ஒழுங்குவிதி மில்லிமீட்டரின் சிறு பகுதி வரை வரையறுக்கிறது. லோ பீமுக்கு சுமார் 1,000 லூமென், ஹை பீமுக்கு 1,650 என்று வெளிச்சத்துக்கும் அளவு சொல்லியிருக்கிறது. ஹெட்லைட்டின் வளைவு முழுக்க இந்த இழையை மனத்தில் வைத்துக் கணக்கிட்டது. எல்.இ.டி. பல்பிலோ இழை கிடையாது. ஒரு தட்டையான பட்டையின் இரண்டு பக்கமும் சில்லுகளை ஒட்டியிருப்பார்கள். நடுவில் சூட்டை இறக்கும் உலோகம் இருக்கும். சாவி பூட்டுக்குள் நுழைந்துவிட்டதாலேயே பூட்டு திறந்துவிடாது. ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறிவிட்டதால், லோ பீமில் ஒளியின் மேல் எல்லையாகத் தெளிவாக இருக்க வேண்டிய வெட்டுக்கோடு மங்கி, அதற்கு மேலேயும் ஒளி சிதறுகிறது. ஓட்டுகிறவருக்கு இது தெரிவதில்லை. வண்டிக்குப் பக்கத்துச் சாலை பளீரென்று தெரிவதால் அவருக்குத் திருப்தி. கண் அந்தப் பளபளப்புக்குப் பழகிவிடுவதால் தொலைவில் இருக்கும் மாடோ, விளக்கில்லாத டிராக்டரோ முன்பைவிடத் தாமதமாகத் தெரியலாம் என்பதை எந்த டப்பாவும் சொல்வதில்லை.

சட்டமும் இந்த ஒளிக்கற்றையைத்தான் பார்க்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி கிட்டத்தட்ட ஒரு வரைபடம் போலவே எழுதப்பட்டிருக்கிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவருடைய கண் இருந்தால், அந்தக் கண் கூசாதபடி ஒளி நிரந்தரமாகக் கீழே சாய்ந்திருக்க வேண்டும். 111ஆவது விதி முன்பக்கம் ஸ்பாட் லைட் மாட்டுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. ஜீப் மேலே வரிசையாக எல்.இ.டி. பார் கட்டுகிறவர்கள் இதைப் படிப்பது நல்லது. விளக்கும் பல்பும் எந்தத் தரத்துக்குச் சோதிக்கப்பட வேண்டும் என்பதை இந்திய வாகனத் தொழில் தரநிலைகள் சொல்கின்றன. வண்டி மாடல் அங்கீகாரம் பெறும்போது அதன் ஹெட்லைட் குறிப்பிட்ட வகைப் பல்போடு சேர்த்துத்தான் தேறுகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று உறுதிசெய்தது. ஆனால் ஆர்.சி.யில் பல்பு வகை எங்கே இருக்கிறது? இல்லைதான். 52ஆவது பிரிவை மட்டும் வைத்துப் பல்புக்காரரைப் பிடிப்பது கொஞ்சம் இழுத்துப் பிடிப்பதாகவே எனக்குப் படுகிறது. அந்த இடைவெளியை 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின் 4ஆவது உட்பிரிவு அடைத்துவிட்டது. சட்டமோ விதியோ அனுமதிக்காத வகையில் உதிரிபாகத்தை மாற்றிப் பொருத்தினால்கூட அது குற்றம்; ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். பம்பரில் நான்கு விளக்கு கூடுதலாகக் கட்டியவருக்குக் கணக்கு அங்கேதான் எகிறும்.

கம்பெனியே எல்.இ.டி. ஹெட்லைட்டோடு கார் விற்கிறதே என்பது அடுத்த கேள்வி. அந்த ஹெட்லைட்டின் லென்ஸும் வளைவும் சூடு இறங்கும் வழியும் எல்.இ.டி.க்காகவே வடிவமைக்கப்பட்டு, முழு விளக்காகச் சோதனையில் தேறியவை. பல்பும் ஹெட்லைட்டும் சேர்ந்தே தேற வேண்டும் என்பதை ஜெர்மனி நடைமுறையில் காட்டிவிட்டது. 2020இல் அங்கே ஆஸ்ராம் நிறுவனத்தின் எச்7 வகை எல்.இ.டி. பல்பு ஒன்றுக்குச் சாலையில் பயன்படுத்த முதன்முதலாக அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு பிலிப்ஸுக்கும் கிடைத்தது. பட்டியலில் பெயர் உள்ள கார் மாடல்களுக்கு மட்டுமே அந்த அனுமதி. அதே பல்பைப் பட்டியலில் இல்லாத காரில் மாட்டினால் அங்கேயும் குற்றம்தான். பிரிட்டன் வேறு வழியில் போனது: ஹாலஜன் ஹெட்லைட்டில் எல்.இ.டி. மாட்டிய கார்களை ஆண்டுச் சோதனையில் தோல்வியாக்கும்படி 2021இல் வழிகாட்டுதல் வந்தது. நம் கடைக்காரர் டப்பாவில் வட்டத்துக்குள் இருக்கும் ‘இ’ முத்திரையைக் காட்டி “ஐரோப்பா அப்ரூவல் சார்” என்பார். பக்கத்தில் உள்ள எண் ‘10ஆர்’ என்று தொடங்கினால், அந்தப் பல்பு ரேடியோ போன்ற மின்னணுக் கருவிகளுக்குத் தொந்தரவு தராது என்பதற்கான சான்று மட்டுமே அது. சாலையில் ஒளி எப்படி விழுகிறது என்பதை அந்தச் சோதனை தொடுவதே இல்லை.

இனி இன்சூரன்ஸ். விபத்தில் அடிபட்ட மூன்றாம் நபருக்கான இழப்பீட்டைப் பல்பைக் காட்டிக் கம்பெனி தட்டிக்கழிக்க முடியாது. எந்தெந்தக் காரணங்களைச் சொல்லிக் கம்பெனி நீதிமன்றத்தில் எதிர்வாதம் வைக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆவது பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது, குடித்துவிட்டு ஓட்டியது, பந்தயத்துக்குப் பயன்படுத்தியது, முக்கிய உண்மையை மறைத்துப் பாலிசி எடுத்தது போன்றவை அதில் உண்டு. விளக்கை மாற்றியது தனிக் காரணமாக இல்லை. நாடாளுமன்றம் அடிபட்டவரை மனத்தில் வைத்து எழுதிய பிரிவு இது. மெக்கானிக் ஷெட் சட்டம் இதை மறந்துவிடுகிறது.

சிக்கல் நம் சொந்த வண்டிக்கான க்ளெய்மில்தான். அங்கே பேசுவது ஒப்பந்தம். வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று. தீப்பிடித்து எரிந்தால் பாலிசியில் இடம் உண்டு. மின்சாதனக் கோளாறு என்றால் கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர். ஹெட்லைட்டுக்குப் பின்னால் வெட்டி ஒட்டிய வயர், டேப் சுற்றிய இணைப்பு, இண்டிகேட்டர் வேகமாகச் சிமிட்டாமல் இருக்கச் சொருகிய சூடேறும் ரெசிஸ்டர் ஆகியவற்றை அவர் படம் எடுத்துவிட்டால், தீ எங்கே தொடங்கியது என்ற வாதம் உங்கள் தலையில் விழும். வண்டி வாரண்டியிலும் இதே வாதம் வரும். அதே சமயம், நின்றிருந்த காரைப் பின்னால் வந்த லாரி இடித்தால் முன் பல்புக்கும் சேதத்துக்கும் தொடர்பே இல்லை. அப்போதும் கம்பெனி மறுத்தால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் தாராளமாகப் போகலாம். வாடகைக்கு விடப்பட்ட சொந்த உபயோகக் கார் தொடர்பான அமலேந்து சாஹு வழக்கில், 2010இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை மீறலுக்காகக் க்ளெய்மை அடியோடு மறுப்பது சரியல்ல என்று சொல்லி 75 சதவீதம் கொடுக்கச் செய்தது. அது பல்பு வழக்கு அன்று. என்றாலும் வாதத்துக்கு உதவும்.

பிரீமியம் கட்டிவிட்டால் பாதுகாப்புதானே என்று கேட்பவர்கள் உண்டு. கம்பெனி பொருத்தாத மின்சாதனங்களின் மதிப்பை அறிவித்து, பழைய கட்டண விதிப்படி அந்த மதிப்பில் 4 சதவீதம் கூடுதலாகக் கட்டிச் சேர்த்துக்கொள்ள ‘ஐ.எம்.டி. 24’ என்ற இணைப்பு உண்மையிலேயே இருக்கிறது. அது அந்தப் பொருளின் விலைக்கான காப்பு. சட்டத்துக்குப் புறம்பான விளக்கை அது சட்டப்படியானதாக்கிவிடாது. லாரி, பஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம்: ‘ஐ.எம்.டி. 23’ இணைப்பு வாங்காவிட்டால், சாதாரண விபத்தில் உடைந்த ஒரிஜினல் ஹெட்லைட்டுக்கே பணம் வராது.

ஊர்ச் சாலைகள் இருட்டு, ஹாலஜன் போதவில்லை என்ற குறை பொய்யில்லை. ஒரு காலத்தில் 100/90 வாட் பல்பு போட்டு வயரிங்கை உருக்கியவர்களும் இதே காரணத்தைத்தான் சொன்னார்கள். எதிரே வருபவரின் கண் கூசாதிருக்க ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டிவிட்டோம். மேலே சிதறும் ஒளிக்கு அது மருந்தாகாது. சொந்த உபயோகக் கார்களுக்கு முதல் 15 ஆண்டுகள் எஃப்.சி. சோதனையே இல்லை என்பதால் யாரும் கேட்பதில்லை என்ற தைரியமும் இருக்கிறது. விபத்துக்குப் பிறகுதான் கேட்பார்கள். வெளிச்சம் குறைவு என்றால் முதலில் மஞ்சள் பூத்த ஹெட்லைட் கண்ணாடியை மெருகேற்றிப் பாருங்கள்; ரிலேவையும் எர்த் இணைப்பையும் சோதியுங்கள்; ஒளியின் உயரத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள்; அங்கீகாரம் பெற்ற புது ஹாலஜன் பல்பு போடுங்கள். அதற்கும் மேல் வேண்டுமென்றால், உங்கள் மாடலின் உயர்ரக வகைக்குக் கம்பெனியே கொடுக்கும் முழு எல்.இ.டி. ஹெட்லைட் பொருந்துமா என்று ஷோரூமில் எழுத்தில் கேட்டு வாங்கி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள். கடையில் எல்.இ.டி. பல்பைக் கையில் கொடுத்தால், உங்கள் வண்டி மாடலின் பெயர் போட்ட அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள். அதைக் காட்ட முடியாத கடையில் பணத்தை எடுக்க வேண்டாம்.