சாய்ந்த உத்தரமும் தாங்கும் கயிறுகளும்

ஒரு மர உத்தரத்தின் இரு முனைகளிலும் கயிறு கட்டித் தொங்கவிடுகிறோம். கயிறுகள் இரண்டும் செங்குத்தாக நிற்கின்றன. ஒரு பக்கத்துக் கயிற்றை மட்டும் மேலே இழுத்து உத்தரத்தைச் சாய்த்துவிட்டால், எந்தக் கயிற்றின்மீது பாரம் மிகும்? ‘தாழ்ந்த பக்கத்துக் கயிற்றின்மீது’ என்பதே வகுப்பில் பெரும்பாலும் கிடைக்கும் விடை. ஆசிரியர்களிடையேயும் அவ்விடை அரிதன்று. பாரம் பள்ளத்தை நாடும் என்பது நீரைப் பார்த்துப் பழகிய எண்ணம். உத்தரம் நீரன்று.

ஒரு பொருள் அசையாது நிற்க இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். மேல்நோக்கிய விசைகளும் கீழ்நோக்கிய விசைகளும் ஒத்திருத்தல் ஒன்று. எந்தப் புள்ளியைக் கொண்டு கணக்கிட்டாலும் வலஞ்சுழித் திருப்புத்திறனும் இடஞ்சுழித் திருப்புத்திறனும் ஒத்திருத்தல் மற்றொன்று. விசையை, அப்புள்ளியிலிருந்து விசைக்கோடு வரையுள்ள நேர்த்தொலைவால் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். விசைகள் யாவும் செங்குத்தாக இருக்கும்போது கிடைமட்டத் தொலைவே கணக்கில் சேரும். உத்தரத்தின் நீளம் சேராது. பிழை நேர்வது இவ்விடத்தில்தான்.

உத்தரத்தின் நீளம் 4 மீட்டர், எடை 60 கிலோ என்று கொள்வோம். மட்டமாகத் தொங்கும்போது, ஒரு முனையிலிருந்து மறுமுனைக் கயிறு 4 மீட்டரிலும் நடுவிலுள்ள ஈர்ப்பு மையம் 2 மீட்டரிலும் உள்ளன. ஆகவே அக்கயிற்றின் இழுவிசை 60 × 2 ÷ 4 = 30 கிலோ. (நியூட்டனில் வேண்டுவோர் 9.8ஆல் பெருக்கிக்கொள்க.) இனி 60 பாகை சாய்ப்போம். 4 மீட்டர் 2 ஆகவும், 2 மீட்டர் 1 ஆகவும் குறுகுகின்றன. 60 × 1 ÷ 2; மீண்டும் 30 கிலோவே! இரு தொலைவுகளும் ஒரே விகிதத்தில் குறுகியதால் பங்கீடு மாறவில்லை. ஈர்ப்பு மையம் ஒரு முனையிலிருந்து 1 மீட்டரில் இருப்பின் அம்முனைக் கயிற்றுக்கு 45, மற்றதற்கு 15. எவ்வளவு சாய்த்தாலும் அதுவே.

ஆனால் கயிறு கட்டிய இரு புள்ளிகளும் ஈர்ப்பு மையமும் ஒரே நேர்கோட்டில் அமைந்தால்தான் இவ்விதி பொருந்தும். மையம் அக்கோட்டிற்கு மேலோ கீழோ இருந்தால் நிலைமை வேறு. மாடிப்படியில் அலமாரியை அடியில் பிடித்துத் தூக்கிச் செல்லும் இருவருள் கீழே நிற்பவருக்கே சுமை மிகுதி. மையம் கைகளுக்கு மேலே இருப்பதால் அவர் பக்கம் சாய்கிறது. தண்டுகளின்மேல் வாகனத்தில் எழுந்தருளும் உற்சவமூர்த்தியை ஏற்றத்தில் சுமக்கும்போது பின்னால் வரும் சீர்பாதந்தாங்கிகளின் தோள் நோவதும் இதனாலேயே. தண்டுக்குக் கீழே இருக்கை தொங்கும் பல்லக்கில் இது தலைகீழாகும். அங்கே மேட்டில் நிற்பவர் தோளுக்கே பாரம் கூடும்!

பட்டர்வொர்த்தைச் சேர்ந்த பாகான் டாலாம் வாசகர்களுக்குத் துறைமுகப் பாரந்தூக்கிகளும் கொள்கலன்களும் பழகிய காட்சி. 12.2 மீட்டர் நீளமும் 2.6 மீட்டர் உயரமும் 30 டன் எடையும் உள்ள கொள்கலனை மேல்மூலைகளில் பிடித்துச் செங்குத்துக் கயிறுகளால் தூக்குவதாகக் கொள்வோம். அது 10 பாகை சாய்ந்தால், உயர்ந்த பக்கத்திற்கு ஏறத்தாழ 15.6 டன்னும் தாழ்ந்த பக்கத்திற்கு 14.4 டன்னும் சேரும். இது பெரிய வேற்றுமை அன்று. ஆனால் உள்ளே சரியாகக் கட்டாத சரக்கு வழுக்கி, ஈர்ப்பு மையம் 2 மீட்டர் தாழ்ந்த பக்கம் நகர்ந்துவிட்டால், அப்பக்கத்துப் பங்கு 19 டன்னைத் தாண்டும். அஞ்ச வேண்டியது இந்த நகர்வுக்கே.

இதையே பேரளவில் காண வேண்டுமாயின் தமிழகத்தின் பாம்பனை நோக்க வேண்டும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய இரயில் பாலத்தில், 72.5 மீட்டர் நீளமும் 660 டன் எடையும் உள்ள நடுப்பகுதி, கப்பலுக்கு வழிவிட 17 மீட்டர் செங்குத்தாக உயர்கிறது. பாரம் நடுவே அமைந்திருப்பின் முனைக்கு 330 டன். ஒரு முனை மற்றதைவிட 1 மீட்டர் உயர்ந்துவிட்டதாகவும், ஈர்ப்பு மையம் கயிற்று முனைகளுக்கு 5 மீட்டர் கீழே உள்ளதாகவும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு முனையின் பாரம் ஒரு டன் அளவுகூட மாறாது. எனினும் சாயவிடலாகாது, கோபுரங்களின் வழிகாட்டிகளில் அது இறுகிக்கொள்ளும், தண்டவாளங்களும் பொருந்தா.

இதுகாறும் கூறியது செங்குத்துக் கயிறுகளைப் பற்றியே. ஒரே கொக்கியிலிருந்து இரு கயிறுகள் விரிந்து செல்லுமானால் கணக்கே மாறும். 1 டன் பாரத்தை நடுவில் தூக்கும்போது, கயிறுகள் கிடைமட்டத்துடன் 60 பாகை கோணத்தில் இருந்தால் ஒவ்வொன்றிலும் இழுவிசை 577 கிலோ. 45 பாகையில் 707. 30 பாகையிலோ முழுமையாக 1000. ‘இரண்டு கயிறு, கயிற்றுக்குப் பாதி’ என்றெண்ணி 500 கிலோ தாங்கும் கயிறுகளைப் பூட்டினால், பாரத்தின் அருகே நிற்பவனின் உயிர்தான் அக்கணக்குப் பிழைக்கு ஈடாகும்.

1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் 225 மீட்டர் நடுப்பகுதியைத் தாங்குவனவும் இத்தகைய சாய்ந்த வடங்களே. ஒரே அளவு பாரத்திற்குப் படுத்த வடமே அதிகமாக இழுக்க வேண்டும். தளத்திற்கு மேலே அக்கோபுரங்களை அவ்வளவு உயர்த்திக் கட்டியதன் காரணமும் அதுவே.