பினாங்குத் தீவில் கடற்கரை மட்டும்தானா?

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் பினாங்குப் பாலத்தில் வாகன நெரிசல் வந்துவிடும். பத்து ஃபிரிங்கி கடற்கரை, கொடிமலை இரயில், இரவில் நாசி கண்டார் என இரண்டு நாள் போவதே தெரியாது. ஜார்ஜ்டவுன் பழைய நகருக்குப் போகிறவர்களும் ஆர்மேனியன் ஸ்திரீட்டில் 2012இல் வரையப்பட்ட சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியத்தின் முன் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் தமிழர்களின் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவர்கள் எத்தனை பேர்?

உலகப் பாரம்பரியத் தகுதி எதற்காக?

2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோ அமைப்பு ஜார்ஜ்டவுனையும் மலாக்காவையும் உலகப் பாரம்பரிய நகரங்களாக அறிவித்தது. பினாங்கு மாநிலத்தில் அந்த நாள் பொது விடுமுறை. கட்டடங்கள் பழையவை என்பதற்காக மட்டும் இந்தத் தகுதி கிடைக்கவில்லை. பல இன, பல சமய மக்கள் ஒரே நகரில் அடுத்தடுத்து வாழ்ந்து, வணிகம் செய்து, வழிபட்டு வருகிறார்கள். அந்த வாழ்க்கை இன்னும் தொடர்கிறது என்பதுதான் முக்கியக் காரணம்.

ஒரே சாலையில் நான்கு வழிபாடு

1786 ஆகஸ்ட் மாதம் ஃபிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைப்பற்றினார். கோட்டையை முதலில் நிபோங் மரங்களை நட்டு வேலியாக எழுப்பினார்கள். பின்னர்தான் அது கல் கட்டடமானது. இன்றைய கார்ன்வாலிஸ் கோட்டை அதுவே.

கோட்டையிலிருந்து சற்று நடந்தால் 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அதைக் கட்டியதில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பு இருக்கிறது. அதே சாலையில் சீனர்களின் குவான் யின் கோயில் ஊதுபத்திப் புகையோடு நிற்கிறது. அடுத்த தெருவான குயின் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் ஆலயம். பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில் இதுதான். தைப்பூசத்தின்போது 2017 முதல் தங்க இரதம் இங்கிருந்து புறப்படுகிறது. நகரத்தார் வெள்ளி இரதமோ பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகிறது.

இன்னும் சிறிது தூரத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801இல் இதை நிறுவிய காதர் முகைதீன் இந்திய முஸ்லிம் சமூகத்தின் தலைவர். 'கிளிங்' என்ற சொல்லைக் கேட்டுப் பிள்ளைகள் முகம் சுளிக்கலாம். இன்று அது தமிழரைப் புண்படுத்தும் சொல்தான். அக்காலத்திலோ தென்னிந்தியர்களைக் குறித்த சாதாரணப் பெயர். 'கப்பித்தான்' என்பது சமூகத் தலைவருக்குத் தரப்பட்ட பதவி. இதைப் பெற்றோரே எடுத்துச் சொன்னால் ஒரு நல்ல வரலாற்றுப் பாடம் நடந்துவிடும்.

பக்கத்தில் உள்ள சூலியா ஸ்திரீட்டின் பெயர் சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களால் ஏற்பட்டது. அங்கே ஒரு தெருமுனையில் நாகூர் ஆண்டவர் நினைவாகச் சிறிய தர்கா ஒன்று உண்டு. தாங்கள் விட்டு வந்த ஊரின் நினைவை அவர்கள் இங்கும் கட்டிவைத்தார்கள். 1906இல் கட்டி முடிக்கப்பட்ட கூ கொங்சி மண்டபத்தில் சீனக் குடும்பத்தாரும் அதையேதான் செய்தார்கள்.

வீடுகள் காலியான கதை

பழைய கடைவீடுகளில் கீழே கடை, மேலே குடும்பம். முன்னால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஐந்தடி நடைபாதை. உள்ளே வெளிச்சமும் காற்றும் வர திறந்த முற்றம். குறைந்த வாடகையில் பல தலைமுறைகள் இங்கே வாழ்ந்தன. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இரத்தானதும், 2000ஆம் ஆண்டு முதல் வாடகை உயர்ந்தது. பலர் வெளியேறினார்கள். பாரம்பரியத் தகுதி கிடைத்த பின் சொத்து விலையும் ஏறியது. பல வீடுகள் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. கட்டடங்கள் புதுப்பொலிவு பெற்றன. அவற்றில் வாழ்ந்தவர்கள் குறைந்தார்கள். மக்களின் வாழ்க்கைக்காகக் கிடைத்த தகுதி, அந்த மக்களே போய்விட்டால் எதற்கு?

பயணிகள் என்ன செய்யலாம்?

வெயில் ஏறுமுன் காலையிலேயே நடக்கத் தொடங்குவது நல்லது. வழிபாட்டுத் தலங்களுக்கு ஏற்ற உடை வேண்டும். தொழுகை நேரத்திலும் வெள்ளிக்கிழமை நண்பகலிலும் பள்ளிவாசலைச் சுற்றிப் பார்க்கச் செல்ல வேண்டாம். பூசை செய்பவரையோ தொழுபவரையோ கேட்காமல் படம் எடுப்பது முறையல்ல.

பசியாறுவதற்கும் பொருள் வாங்குவதற்கும் அப்பகுதியில் பல காலமாகக் கடை நடத்துபவர்களைத் தேடிப் போகலாம். பூமாலை கட்டுபவரிடம் ஒரு முழம் பூ, மளிகைக் கடையில் கொஞ்சம் மசாலை வாங்கினாலும் போதும். அந்தப் பணம் அவர்கள் அடுத்த மாத வாடகையைக் கட்ட உதவும். கடைக்காரரிடம் "எத்தனை வருசமா இங்க இருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். எந்தக் கையேட்டிலும் இல்லாத செய்தி கிடைக்கும்.

கடற்கரைக்குப் போகவே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. இரண்டு நாள் பயணத்தில் அரை நாளை இந்தத் தெருக்களுக்கு ஒதுக்கினால் போதும். இந்நாட்டை உருவாக்கியதில் தங்கள் முன்னோருக்கும் பங்கு உண்டு என்பதைப் பிள்ளைகள் தங்கள் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.