இணையத்தள முகவரி யாருடைய பெயரில் இருக்கிறது?

காணி உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்ற கேள்வியின் பெறுமதி எங்கள் சனத்துக்குப் புதிதாகச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பரம்பரையாக இருந்த வளவுக்கே உறுதியைக் காட்ட முடியாமல் கந்தோர் கந்தோராக அலைந்தவர்கள் நாங்கள். ஆனால் இணையத்தில் ஒரு கடை திறக்கும்போது மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம். நானும் மறந்தேன். அதனால் என் அக்கா பட்ட நட்டத்தைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

அக்கா கிளிநொச்சியில் மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி செய்து விற்கிறா. 2009 இற்குப் பிறகு இரண்டு பிள்ளைகளையும் அந்த உழைப்பில்தான் வளர்த்தா. வெளிநாட்டிலிருந்து ஓடர் வரத் தொடங்கியதும் இணையத்தளம் ஒன்று வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவர், "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அக்கா, நான் எல்லாம் செய்து தாறன்" என்றார். சொன்னபடியே செய்தும் தந்தார். அவரில் எந்தக் கள்ளமும் இல்லை. தன் வங்கி அட்டையால் காசு கட்டினார். தன் பெயரையும் தன் மின்னஞ்சலையும் கொடுத்துப் பெயரைப் பதிந்தார்.

மூன்று வருடம் நன்றாக ஓடியது. பிறகு அவர் வேலை மாறினார், பழைய மின்னஞ்சலைப் பார்ப்பதை விட்டார், வங்கி அட்டையும் காலாவதியானது. ஒருநாள் லண்டனிலிருந்து ஒரு வாடிக்கையாளர் அக்காவுக்குப் போன் எடுத்து, "உங்கட இணையத்தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வருகுதே" என்றார். அப்போது வீட்டில் அந்த முகவரி அச்சடித்த இரண்டாயிரம் பைக்கற்றுகள் அடுக்கிக் கிடந்தன.

பெயர் வேறு, இடம் வேறு, தளம் வேறு

இணையத்தளம் என்று நாங்கள் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று பொருட்கள். முதலாவது டொமைன் எனப்படும் முகவரிப் பெயர். இரண்டாவது ஹோஸ்டிங், அதாவது உங்கள் படங்களும் எழுத்தும் வைக்கப்பட்டிருக்கும் கணினியில் எடுக்கும் வாடகை இடம். மூன்றாவது அந்த இடத்தில் கட்டிய தளம். தளத்தைத் திரும்பக் கட்டலாம். இடத்தையும் மாற்றலாம். பெயர் போனால் அதைத் தேடி வந்த ஆட்களும் போய்விடுவார்கள். ஆகவே மற்ற இரண்டையும் வேறொருவரிடம் விட்டாலும் பெயரை உங்கள் கையில் வைத்திருங்கள்.

இந்தப் பெயரை யாரும் அறுதியாக வாங்குவதில்லை. அது குத்தகை. டொட் கொம் போன்ற பெயர்களை ஒரு தடவையில் குறைந்தது 1 வருடத்துக்கும் கூடியது 10 வருடத்துக்கும் எடுக்கலாம். தவணை முடிய முன்னர் புதுப்பிக்க வேண்டும். டொட் கொம் பெயர்களின் மூலப் பதிவேட்டை வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம் வைத்திருக்கிறது. இவ்வாறான பொதுப் பெயர்களுக்கான விதிகளை ஐகான் என்ற அமைப்பு வகுக்கிறது. நாங்கள் காசு கட்டுவது இவர்களிடம் அல்ல, பதிவாளர் எனப்படும் விற்பனை நிறுவனங்களிடம்.

தவணை முடிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னும் ஒரு கிழமை முன்னும் பதிவாளர் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது ஐகானின் விதி. அக்காவின் பெயருக்கும் அவை போயிருக்கும், யாரும் திறக்காத அந்தப் பழைய மின்னஞ்சலுக்கு. தவணை தவறினாலும் பெயர் உடனே போய்விடாது. பதிவாளர் பொதுவாகச் சில கிழமைகள் பொறுப்பார். அவர் பதிவை நீக்கிய பின்னரும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அப்போது தண்டப்பணம் போலக் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். அதற்குப் பின் 5 நாளில் பெயர் பொதுவுக்கு விடப்படும். ஏற்கனவே ஆட்கள் வந்துபோகும் பெயர்களைப் பிடிப்பதற்கென்றே காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பெயரும் அப்படித்தான் பிடிபட்டது.

திருப்பி எடுக்க வழி இல்லையா?

வழி உண்டு, ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாதது. டொட் கொம் பெயர்ப் பிணக்குகளுக்கு ஐகானின் நடைமுறை ஒன்று 1999 முதல் இருக்கிறது. அதில் வெல்ல, அந்தப் பெயரில் உங்களுக்கு வியாபாரக் குறி உரிமை இருப்பதையும், மற்றவருக்கு நியாயமான உரிமை இல்லாததையும், அவர் கெட்ட நோக்கத்தோடு எடுத்ததையும் காட்ட வேண்டும். உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரு பெயருக்கு ஒரு நடுவரை வைத்து விசாரிக்கும் கட்டணமே 1500 அமெரிக்க டொலர். மிளகாய் அரைத்து உழைக்கிற ஒருவர் அதை எங்கே தேடுவது?

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டால் இணையப் பெயரும் தங்களுடையது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வியாபாரப் பெயர்ப் பதிவு, 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழான வியாபாரக் குறிப் பதிவு, இணையப் பெயர்ப் பதிவு மூன்றும் தனித்தனி. ஒன்று மற்றதைத் தானாகத் தராது.

பெயரைத் தெரிவு செய்யும்போது

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போதுதான் சிக்கல் வருகிறது. ழகரத்தை ஒருவர் இசட் எச் போட்டு எழுதுவார், இன்னொருவர் எல் போட்டு எழுதுவார். நெடில் ஆகாரத்துக்கு ஒரு ஏ போடுபவரும் உண்டு, இரண்டு போடுபவரும் உண்டு. ஆகவே பெயரைப் போனில் ஒருதரம் சொல்லிப் பாருங்கள். மறுமுனையில் உள்ளவர் கேட்காமலே சரியாக எழுதினால் அது நல்ல பெயர். இடைக்கோடும் இலக்கமும் இல்லாதிருப்பது இன்னும் நல்லது.

டொட் எல்கே எங்கள் நாட்டுக்கான முடிவு. 1990 முதல் இருக்கிறது. ரூபாவிலேயே கட்டி எடுக்கலாம் என்பது, வெளிநாட்டுக் கொடுப்பனவு செய்யக்கூடிய வங்கி அட்டை இல்லாதவர்களுக்குப் பெரிய உதவி. 2010 இல் 'இலங்கை' என்ற தமிழ்ச் சொல்லே முகவரி முடிவாக அனுமதிக்கப்பட்டது. முழு முகவரியையும் தமிழில் வைத்திருக்கலாம். ஆயினும் தமிழ் முகவரியை ஏற்காத மின்னஞ்சல் சேவைகளும் படிவங்களும் இன்னும் இருப்பதால், தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்துப் பெயரோடு சேர்த்து வைத்திருப்பதே நடைமுறைக்கு உகந்தது.

இன்றைக்கே பார்க்கவேண்டியவை

உங்கள் தளத்தைச் செய்து தந்தவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பெயர் எந்தப் பதிவாளரிடம் இருக்கிறது? உரிமையாளர் என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது? எந்த மின்னஞ்சல் கொடுக்கப்பட்டிருக்கிறது? தவணை எப்போது முடிகிறது?

உரிமையாளர் நீங்களாக இல்லாவிட்டால் மாற்றித் தரச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளத் தேவையில்லை. உதவி செய்தவருக்கும் அது ஒரு பாரம் குறைவதுதான். வெளிநாட்டு உறவினர் காசு கட்டுவதில் பிழையில்லை. கணக்கு மட்டும் உங்கள் பெயரில் இருக்கட்டும். தளம் செய்பவரைத் தொழில்நுட்பத் தொடர்பாளராகப் போடலாம். மற்றப் பதிவாளருக்குப் பெயரை மாற்ற உதவும் இரகசியக் குறியீட்டை யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் பெயரை வேறொருவர் பதியப் போகிறார், உடனே காசு கட்டுங்கள் என்று முன்பின் தெரியாதவர் மின்னஞ்சல் அனுப்பினால் பெரும்பாலும் அது ஏமாற்று. நீங்கள் பதிந்த நிறுவனத்தின் கணக்குக்குள் போய் மட்டும் பாருங்கள்.

அக்கா புதிதாக ஒரு டொட் எல்கே பெயர் எடுத்தா. இந்தமுறை தன் பெயரில், தன் மின்னஞ்சலில். பழைய பைக்கற்றுகளின் மேல் புது முகவரி ஒட்டுவதற்குப் பிள்ளைகளோடு நானும் மூன்று இரவுகள் இருந்தேன். பழைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் இன்னும் திரும்பி வரவில்லை.

இடப்பெயர்வு முழுக்க அக்கா கைவிடாமல் காவித்திரிந்த பை ஒன்று இருக்கிறது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி எல்லாம் அதற்குள்தான். பதிவாளரின் பெயர், கணக்கின் மின்னஞ்சல், தவணை முடியும் திகதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி இப்போது அதற்குள் வைத்திருக்கிறா. உங்கள் வீட்டிலும் அப்படியொரு பை இருக்கும். அந்தத் தாளையும் அதற்குள் வையுங்கள்.