இரயில் ஓட்டுநரும் கார்டும்

நெடுந்தொலைவு செல்லும் இரயில் வண்டியில் ஏறியதும் நாம் கவலையின்றி உறங்கிவிடுகிறோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உறங்கிய நிலையிலேயே ஆறுகளையும் காடுகளையும் கடந்து ஊர் சேர்கின்றனர். அவ்வுறக்கத்தைக் காக்க விழித்திருப்போர் பலர். அவருள் தலையாயவர் இருவர்: வண்டியின் முன்னே அமர்ந்து அதனைச் செலுத்தும் ஓட்டுநர் ஒருவர், அதன் கடைக்கோடியில் இருந்து காக்கும் கார்டு மற்றொருவர். இவ்விருவர் பணிகளும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஆயினும் தன்மையால் பெரிதும் வேறுபட்டவை. அவற்றை ஒப்பிட்டு நோக்குவோம்.

நம் நாட்டில் பயணிகள் இரயில் வண்டி முதன்முதலாக 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே ஓடியது. தென்னாட்டில் 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி விடப்பட்டது. அன்று நீராவி எஞ்சின் இழுத்தது. இன்று மின்சார எஞ்சினும் டீசல் எஞ்சினும் இழுக்கின்றன. ஓட்டுநரை இக்காலத்தில் லோகோ பைலட் என்றும், 2022-ஆம் ஆண்டு முதல் கார்டை டிரெயின் மேனேஜர் என்றும் அழைக்கின்றனர். பெயர்கள் மாறினும் பொறுப்புகள் மாறவில்லை.

வண்டிக்குத் தலைவர் யார் என்று கேட்டால், ஓட்டுநரே என்று பலரும் விடை கூறுவர். இரயில்வே விதிகள் கூறுவதோ வேறு. எஞ்சின் பூட்டப்பட்ட பின், வண்டி புறப்படுவது, நிற்பது ஆகியவற்றுக்குப் பொறுப்பாளர் கார்டே ஆவார். நிலைய எல்லைக்குள் அவர் நிலைய அதிகாரிக்குக் கட்டுப்பட்டவர். சைகைக் கம்பம் வழிவிட்டாலும், கார்டு பச்சைக் கொடியோ பச்சை விளக்கோ காட்டிய பின்னரே ஓட்டுநர் வண்டியை நகர்த்துவார்.

முதலில் ஓட்டுநரின் பணியைக் காண்போம். அவருடைய முதற்கருவி கண்ணே ஆகும். ஓட்டுநர் பணிக்குச் சேர்வோருக்குக் கண்ணாடியின் துணையின்றி 6/6 என்னும் குறையற்ற பார்வை வேண்டும். கார்டுக்கு 6/9 பார்வை போதும். எஞ்சினில் ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் ஒவ்வொரு சைகையையும் கண்டு, அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லி உறுதி செய்துகொள்வர். ஓட்டுநர் அயர்ந்துவிடாதபடி காக்க எஞ்சினில் ஒரு கருவியும் உண்டு. ஏறத்தாழ ஒரு நிமிடம் அவர் எந்தக் கைப்பிடியையும் பொத்தானையும் தொடாதிருப்பின், முதலில் விளக்கு எரியும். அதன்பின் ஒலி எழும். அப்போதும் அவர் அசையாவிடில் பிரேக் தானே விழுந்து வண்டி நின்றுவிடும். இவ்வாறு நிமிடந்தோறும் தம் விழிப்பை மெய்ப்பித்துக்கொண்டே பணியாற்ற வேண்டிய தொழில்கள் உலகில் மிகச் சிலவே.

ஓட்டுநரின் துன்பங்களுள் பெரியது வேறொன்று. விரைந்து செல்லும் வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த இயலாது. பிரேக்கை முழுவதும் போட்டாலும் அது நெடுந்தூரம் ஓடியே நிற்கும். ஆதலின் தண்டவாளத்தில் ஒருவர் குறுக்கிடுவதைக் கண்டும் காக்க இயலாத நிலை ஓட்டுநருக்கு நேர்வதுண்டு. அவர்மீது குற்றம் இல்லை எனினும், அக்காட்சி அவர் நெஞ்சைவிட்டு எளிதில் அகலுமோ?

இனிக் கார்டின் பணியைக் காண்போம். ஓட்டுநருக்கு அருகில் துணைவர் ஒருவர் உண்டு. கார்டுக்கோ தனிமையே துணை. வண்டி ஒவ்வொரு நிலையத்திலும் சேர்ந்த நேரமும் புறப்பட்ட நேரமும் அவர் குறிப்பேட்டில் ஏற வேண்டும். வளைவுகளில் தலையை நீட்டி, ஏதேனும் பெட்டியில் புகையோ தீப்பொறியோ எழுகிறதா என்று பார்த்தல் வேண்டும். கடைசிப் பெட்டியின் பின்புறம் அதற்குரிய அடையாளமும் இரவில் சிவப்பு விளக்கும் உள்ளனவா என்று உறுதி செய்வதும் அவர் கடமையே. அவ்வடையாளத்தைக் கண்ட பின்னரே, வண்டி இடையில் அறுபடாமல் முழுமையாக வந்து சேர்ந்தது என்று நிலையத்தார் தெளிவர்.

சரக்கு வண்டியின் கார்டு படும் இன்னல் இதனினும் மிகுதி. ஐம்பதுக்கும் மேற்பட்ட பெட்டிகள் கோத்த சரக்கு வண்டி அரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டிருக்கும். அதன் கடைசியில், குலுங்கும் சிறு பிரேக் வண்டியில் அவர் தனியே இருப்பார். விளக்கும் விசிறியும் கழிவறையும் இல்லாத பிரேக் வண்டிகளே நெடுங்காலம் ஓடின. முன்செல்லும் வண்டிகளுக்கு வழிவிட்டு, ஊரும் ஒளியும் இல்லாத இடத்தில் சரக்கு வண்டி நிற்க நேர்ந்தால், அவ்விருளில் அவர் ஒருவரே காத்திருக்க வேண்டும். எஞ்சினிலும் கழிவறை இல்லாத குறை நெடுநாள் நீடித்தது. பெண்களும் இப்பணிக்கு வந்துள்ள இக்காலத்தில் அக்குறையைத் தீர்ப்பது இன்றியமையாததாயிற்று. அண்மை ஆண்டுகளில் எஞ்சின்களில் குளிர்சாதனமும் கழிவறையும் சிறிது சிறிதாக அமைக்கப்பட்டு வருகின்றன.

இருவருக்கும் பொதுவான துன்பம் காலம் தவறிய உழைப்பு ஆகும். நள்ளிரவிலும் விடியற்காலையிலும் பணிக்கு அழைப்பு வரும். உண்ணும் வேளையும் உறங்கும் வேளையும் நாளுக்கு நாள் மாறும். பிற ஊரில் பணி முடிந்தால் அங்குள்ள ஓய்வறையிலே தங்கி, அடுத்த வண்டியில் திரும்புவர். பொங்கலும் தீபாவளியும் வண்டியிலேயே கழிவதுண்டு. இத்தகைய உழைப்புக்கு எல்லை வகுக்கவே 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டம், தொடர்பணி செய்வோரின் வேலை இரு வாரச் சராசரியில் வாரத்துக்கு 54 மணியை மிகலாகாது என்கிறது. ஓட்டுநர், கார்டு போன்றோருக்கு மாதந்தோறும் 30 மணி நேர ஓய்வு நான்கு முறையோ, முழு இரவு அடங்கிய 22 மணி நேர ஓய்வு ஐந்து முறையோ தரப்படல் வேண்டும் என்றும் அது விதிக்கிறது. இவ்வோய்வு அவருக்கு அளிக்கும் சலுகை அன்று. உறக்கம் கெட்ட கண் சிவப்பு விளக்கைத் தவறவிட்டால், அதன் விளைவு வண்டியில் உள்ள அனைவரையும் சேரும். ஆகவே அவர் ஓய்வு நம் உயிருக்குக் காப்பாகும்.

இருவர் பணியும் ஒருங்கே விளங்குவது ஆபத்து வேளையில்தான். விபத்தாலோ பழுதாலோ வண்டி நடுவழியில் நின்றுவிட்டது என்று கொள்வோம். பின்னே வரும் வண்டி மோதாதபடி தடுக்கக் கார்டு வந்த வழியே திரும்பி நடப்பார். அகலப் பாதையில் 600 மீட்டர் தொலைவில் ஒரு வெடியும், 1,200 மீட்டர் தொலைவில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடிகளும் தண்டவாளத்தின்மேல் வைப்பார். சக்கரம் ஏறியதும் அவை பேரொலியுடன் வெடித்து, வரும் ஓட்டுநரை எச்சரிக்கும். அதே வேளையில் எஞ்சினில் உள்ளோர் முன்புறத்தைக் காப்பர். மழையாயினும் இருளாயினும் இக்கடமையைத் தள்ளிப்போட இயலாது. ஒருவர் முகத்தை மற்றவர் காணாமலே, தத்தம் திசையைக் காப்பர்.

ஆகவே இவ்விருவருள் யார் உழைப்பு பெரிது என்று வாதிடுவதில் பயனில்லை. ஓட்டுநரை வருத்துவது இடையறாத கவனம். கார்டை வருத்துவது நீங்காத தனிமை. நாம் அவர்களுக்குச் செய்யத்தக்க உதவியும் உண்டு. மூடிய கேட்டைக் கடவாமலும், தண்டவாளத்தில் நடவாமலும், தக்க காரணமின்றி அபாயச் சங்கிலியை இழுக்காமலும் இருத்தல் வேண்டும். அடுத்த முறை வண்டி நிலையத்தை விட்டு நகர்கையில், முன்னே ஒலிக்கும் ஊதலையும் பின்னே அசையும் பச்சைக் கொடியையும் சற்றே கவனியுங்கள். அவ்விரண்டுக்கும் இடையிலேயே நாம் அச்சமின்றி உறங்குகிறோம்.