அமெரிக்க விமானப் பயணத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்லுதல்

ஐக்கிய அமெரிக்காவில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர் உள்நாட்டு விமானப் பயணத்தில் அதைத் தம்முடன் கொண்டுபோகலாம். ஆனால் அது அவர் கைப்பையிலோ இடுப்பிலோ இருக்கக் கூடாது. தோட்டாக்களை நீக்கி, கெட்டியான பெட்டியில் வைத்துப் பூட்டி, விமான நிறுவனத்திடம் சொல்லி, செக்-இன் பெட்டியாகச் சரக்கறைக்கு அனுப்ப வேண்டும். வேட்டைக்குச் செல்வோரும் துப்பாக்கி சுடும் போட்டியாளர்களும் இப்படித்தான் பயணம் செய்கிறார்கள்.

விதியின் அடிப்படை எளிது: பறக்கும் நேரத்தில் ஆளையும் ஆயுதத்தையும் பிரித்து வைப்பது. பிரிந்திருக்கும் வரை சிக்கல் அரிது. இரண்டும் ஒன்றுசேரும் இடங்களில்தான், அதாவது சோதனைச் சாவடியிலும், பெட்டி எடுக்கும் கூடத்திலும், இடைவழியில் தங்க நேரும் ஊரிலும் பயணிகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

விதி வந்த வழி

1960களின் இறுதியிலும் 70களின் தொடக்கத்திலும் அமெரிக்க விமானங்கள் அடிக்கடி கடத்தப்பட்டன. அதன் விளைவாக 1973 ஜனவரி முதல் எல்லாப் பயணிகளையும் அவர்களது கைப்பைகளையும் சோதிப்பது கட்டாயமாயிற்று. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், அதே ஆண்டு நவம்பரில், போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் என்னும் கூட்டரசு அமைப்பு உருவாக்கப்பட்டது. ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி இதை டி.எஸ்.ஏ. என்பார்கள். துப்பாக்கி பற்றிய விதிகளை இப்போது செயல்படுத்துவது இதுவே. விமான நிறுவனங்கள் இவற்றுக்கு மேல் தங்கள் சொந்தக் கட்டுப்பாடுகளையும் விதிக்கலாம்.

பெட்டியில் அடுக்கும் முறை

துப்பாக்கியின் குழலறையிலோ, அதில் செருகிய மேகசினிலோ ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. பெட்டி துப்பாக்கியை முழுதும் மூடும் கெட்டியான பெட்டியாக இருக்க வேண்டும். பூட்டிய பிறகும் மூடியின் ஓரத்தை நெம்பித் திறக்க முடிந்தால் அது ஏற்கப்படாது. துப்பாக்கி வாங்கும்போது கடையில் தரும் பெட்டி போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது எப்போதும் போதுமானதாக இருப்பதில்லை என்று டி.எஸ்.ஏ.வே எச்சரிக்கிறது.

சாவியோ பூட்டின் எண்ணோ பயணியிடம் மட்டுமே இருக்க வேண்டும். அதிகாரிகள் கேட்டால் அவரே திறந்து காட்டலாம். சோதனை அதிகாரிகள் பொதுச்சாவியால் திறக்கக்கூடிய பூட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றையும் பயன்படுத்தலாம் என்று டி.எஸ்.ஏ. சொல்கிறது. ஆனாலும் பொதுச்சாவிக்குத் திறக்காத சாதாரணப் பூட்டே துப்பாக்கிப் பெட்டிக்கு ஏற்றது. சூட்கேசுக்கு வசதியானது எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

தோட்டாக்களும் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். அவற்றைப் பையில் உதிரியாகப் போடக் கூடாது. தோட்டாவுக்கென்றே செய்த அட்டை, மரம், பிளாஸ்டிக் அல்லது உலோகப் பெட்டியில் அடுக்க வேண்டும். ஓர் ஆளுக்கு 5 கிலோ என்பது பல நிறுவனங்கள் வைத்திருக்கும் வரம்பு. வெடிமருந்துத் தூளைக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, செக்-இன் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. துப்பாக்கியின் பாகங்களும் பொம்மைத் துப்பாக்கிகளும் கைப்பையில் அனுமதிக்கப்படுவதில்லை. குறிபார்க்கும் தொலைநோக்கியை மட்டும் கையில் எடுத்துப் போகலாம்.

கவுன்டரில்

ஒவ்வொரு பயணத்திலும், திரும்பும் பயணத்திலும்கூட, விமான நிறுவனத்தின் கவுன்டரில் துப்பாக்கி இருப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதில் தோட்டா இல்லை என்று உறுதி கூறும் அட்டையில் பயணி கையெழுத்திடுவார். பெட்டியின் வெளிப்புறத்தில் 'துப்பாக்கி உள்ளது' என்று சீட்டு ஒட்டும்படி விமான நிறுவனம் கேட்க முடியாது. கூட்டரசுச் சட்டமே அதைத் தடுக்கிறது. அப்படி ஒரு சீட்டு இருந்தால் எதைத் திருடலாம் என்று திருடனுக்கு வழிகாட்டியதாகிவிடும்.

மறதி

சோதனைச் சாவடிகளில் 2023இல் 6,737 துப்பாக்கிகளும் 2024இல் 6,678 துப்பாக்கிகளும் பிடிபட்டன. இரண்டு ஆண்டுகளிலும் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் தோட்டா நிரப்பப்பட்டிருந்தது. மிகுதியாகப் பிடிபட்ட இடம் அட்லாண்டா விமான நிலையம். இவர்களில் பெரும்பாலோர் விமானத்தைக் கடத்த வந்தவர்கள் அல்லர். நாள்தோறும் தோளில் மாட்டும் பையில் துப்பாக்கி இருந்ததை மறந்துவிட்டதாகச் சொல்பவர்களே அதிகம்.

மறந்துவிட்டேன் என்பது தண்டத்திலிருந்து காப்பாற்றாது. எக்ஸ்-கதிர்த் திரையில் துப்பாக்கி தெரிந்ததும் உள்ளூர்க் காவல் துறை அழைக்கப்படும். அவர்கள் அதைக் கைப்பற்றுவார்கள். பயணியைக் கைது செய்வதா இல்லையா என்பது அந்த மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. இதற்குப் புறம்பாக டி.எஸ்.ஏ. தனியே அபராதம் விதிக்கும். 2022இல் அதன் உச்ச அளவு 14,950 டாலராக உயர்த்தப்பட்டது. துப்பாக்கி காலியாக இருந்தாலும், தோட்டா அதே பையிலோ சட்டைப்பையிலோ கைக்கெட்டும்படி இருந்தால், அபராதக் கணக்கில் அது நிரப்பிய துப்பாக்கியாகவே கொள்ளப்படும்.

பெட்டி எடுக்கும் கூடம்

2017 ஜனவரி 6 அன்று, அலாஸ்காவிலிருந்து புறப்பட்ட ஒரு பயணி புளோரிடாவின் போர்ட் லாடர்டேல் விமான நிலையத்தில் இறங்கினார். அவர் தமது கைத்துப்பாக்கியை முறைப்படி அறிவித்துச் செக்-இன் செய்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் சென்று தோட்டா நிரப்பினார். பெட்டி எடுக்கும் கூடத்துக்குத் திரும்பி வந்து சுட்டார். ஐந்து பேர் இறந்தனர்.

இந்தக் கொலையாளி பயண விதி எதையும் வழியில் மீறவில்லை. விதி காப்பது விமானத்தின் உட்பகுதியைத்தான். பெட்டி உரியவர் கைக்கு வந்ததும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு சில நிறுவனங்கள் துப்பாக்கிப் பெட்டியைச் சுழலும் பட்டையில் விடாமல், அலுவலகத்தில் அடையாள அட்டையைப் பார்த்துக் கையில் கொடுக்கத் தொடங்கின. பெட்டியை நெகிழிப் பட்டையால் இறுகக் கட்டி, கத்தரித்தால்தான் திறக்கும்படி செய்தவையும் உண்டு.

நியூவார்க்கில் ஓர் இரவு

அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரு மாநிலத்தில் உரிமம் இல்லாமலே வைத்திருக்கக்கூடியது அடுத்ததில் சிறைக்குரிய குற்றமாகலாம். இடையிலுள்ள மாநிலங்களைக் கடப்போருக்காக 1986இல் ஒரு கூட்டரசுச் சட்டம் வந்தது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருப்பது சட்டப்படி சரியாக இருந்து, அது காலியாகவும் கைக்கெட்டாமலும் இருந்தால், வழியிலுள்ள மாநிலங்களின் தடை அவரைத் தொடாது. படிக்கும்போது முழுப் பாதுகாப்பு என்றே தோன்றும்.

2005இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியா சென்ற ஒருவர் நியூ செர்சி மாநிலத்து நியூவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். பெட்டியைப் பெற்றுக்கொண்டு அன்றிரவு விடுதியில் தங்கினார். மறுநாள் காலை மீண்டும் கவுன்டருக்கு வந்து, சட்டம் சொல்கிறபடியே துப்பாக்கி இருப்பதை அறிவித்தார். உடனே கைது செய்யப்பட்டார். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் துப்பாக்கி திரும்பக் கிடைக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவர் இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கில் 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விடுதியில் இருந்த நேரத்தில் பெட்டி அவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது, ஆகவே சட்டத்தின் பாதுகாப்பு அப்போது இல்லை என்பதே காரணம். விமானம் தவறியது அவர் பிழையன்று என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. பெட்டியைப் பெறும் முன்பே விமான நிலையத்தாரிடமோ காவலரிடமோ நிலைமையைச் சொல்லியிருக்கலாம் என்று மட்டும் அது குறிப்பிட்டது. விமானத்தைத் தவறவிட்டு, களைத்து நிற்கும் பயணிக்கு அந்த நேரத்தில் இது தோன்றுமா என்பது வேறு கேள்வி. இத்தகைய மாநிலங்கள் வழியே மாறிச் செல்லும் பயணச்சீட்டைத் தவிர்ப்பதே துப்பாக்கி உள்ளவருக்கு நல்லது.

நாட்டுக்கு வெளியே

மேற்கண்ட சலுகைகள் அமெரிக்க எல்லையோடு முடிகின்றன. வெளியே ஒரே ஒரு தோட்டா போதும். கரீபியன் பகுதியிலுள்ள பிரித்தானிய ஆட்சிப்புலமான டர்க்சு கைக்கோசு தீவுகளில், தோட்டா வைத்திருந்தால் குறைந்தது 12 ஆண்டுச் சிறை என்ற சட்டம் இருந்தது. 2024இல் அங்கே விடுமுறைக்குச் சென்ற அமெரிக்கர் சிலர், பழைய வேட்டைப் பைகளில் மறந்துபோன தோட்டாக்களால் கைதாயினர். அவர்களில் ஒருவரின் கைப்பையிலிருந்த நான்கு தோட்டாக்களைப் புறப்பட்ட விமான நிலையத்தில் கவனிக்கத் தவறியதை டி.எஸ்.ஏ. ஒப்புக்கொண்டது. நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையோடும் அபராதத்தோடும் அவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். நீதிபதிகள் சூழ்நிலையைப் பார்த்துத் தண்டனை குறைக்க இடம் தரும் வகையில் அதே ஆண்டில் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழரில் பலர் எச்-1பி நுழைவிசைவில் இருப்பவர்கள். குடியேறாதோர் நுழைவிசைவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. வேட்டை உரிமம் பெற்றிருத்தல் போன்ற சில விலக்குகளே உண்டு. பச்சை அட்டை பெற்றோருக்கு இந்தத் தடை இல்லை. சுடுகளத்துக்குப் போன நினைவாகத் தோட்டா ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டவர், அதே பையோடு இந்தியாவில் இறங்கினால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அச்சட்டப்படி சுடப்படாத தோட்டாவை வைத்திருக்கவும் உரிமம் தேவை. விமான நிலையங்களில் ஒற்றைத் தோட்டாவோடு பிடிபட்டவர்கள் மீதான வழக்குகள் சிலவற்றை, அறிந்தே வைத்திருந்ததாகக் கொள்ள முடியாது என்று கூறி, டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்திருக்கிறது. ஆனால் அது வழக்குப் பதிவாகி, விமானம் போய், வழக்கறிஞரைத் தேடி, நீதிமன்றத்துக்கு நடந்த பிறகு கிடைத்த விடுதலை.